இருமலுக்கு மூலிகை சிரப் கொடுக்கலாமா? எது பலன் தரும், எதில் கவனம் தேவை? முழு விளக்கம்

மழை ஆரம்பித்தாலே போதும், வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். முதலில் குழந்தைக்கு வரும், அடுத்து அம்மாவுக்கு, அப்புறம் தாத்தா பாட்டிக்கு. மருந்துக்கடையில் போய் நின்றால் அலமாரி முழுக்கப் பச்சை நிற லேபிள் ஒட்டிய பாட்டில்கள். துளசி படம், தேன் படம், இஞ்சி படம்.

2025-ல் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் உயிரிழந்த சம்பவத்துக்குப் பிறகு, "இங்கிலீஷ் மருந்து வேணாம், மூலிகை சிரப்பா இருந்தா குடுங்க" என்று கேட்கும் பெற்றோர் பலர். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மூலிகை என்று எழுதியிருந்தாலே பாதுகாப்பு என்று நினைப்பது சரியா? அந்த பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

இருமல் ஏன் வருது?

இருமல் ஒரு நோய் அல்ல, அறிகுறி. மூச்சுக்குழாயில் சளி, தூசி, புகை, உணவுத் துணுக்கு என எது புகுந்தாலும் அதை வெளியே தள்ள உடல் செய்யும் வேலைதான் இருமல். அதனால் எல்லா இருமலையும் உடனே நிறுத்திவிட வேண்டும் என்ற அவசியம் இல்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கும்போது இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

பொதுவாக மக்கள் இருமலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சளி வராமல் தொண்டை கரகரவென்று அரிக்கும் வறட்டு இருமல் ஒன்று. சளியோடு வரும் இருமல் இன்னொன்று. பெரும்பாலானவை வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்தின் தொடர்ச்சி. இவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, தானாகவே சரியாகும்.

ஆனால் ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்கிலிருந்து தொண்டைக்கு வடியும் சளி, புகைப்பழக்கம், காசநோய் ஆகியவற்றாலும் இருமல் வரும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பாட்டில் மூலிகை சிரப் குடித்தாலும் இருமல் நிற்காது. டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஜலதோஷம் போன பிறகும் இருமல் உடனே போகாது. முழுமையாக நிற்க 2 முதல் 3 வாரம் வரை ஆகலாம். 'ஒரு வாரத்தில் போயிடணும்' என்று எதிர்பார்த்து, நான்காவது நாளே மருந்தை மாற்றுவது, ஐந்தாவது நாள் இன்னொரு பாட்டில் வாங்குவது என்பதெல்லாம் பல வீடுகளில் நடக்கிறது. இதில் பணம்தான் வீண்.

மூலிகை சிரப்பில் என்னென்ன இருக்கு?

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறினாலும், தமிழ்நாட்டில் விற்கும் பெரும்பாலான மூலிகை இருமல் சிரப்களில் திரும்பத் திரும்ப வரும் சரக்குகள் இவைதான்:

• ஆடாதோடை: 'ஆடு தொடா இலை' என்று கிராமங்களில் சொல்லப்படும் செடி. கசப்பு காரணமாக ஆடுகூட தொடாது என்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சளியை இளக்கி வெளியேற்றப் பயன்படுகிறது.

• துளசி: தொண்டைக் கரகரப்புக்கும் சளிக்கும் காலம் காலமாகப் பயன்படும் இலை.

• அதிமதுரம்: இனிப்பான வேர். தொண்டையில் ஒரு மெல்லிய படலம் போலப் படிந்து அரிப்பைக் குறைக்கும்.

• திப்பிலி, மிளகு, சுக்கு: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் திரிகடுகம். காரமும் சூடும் தரும் சரக்குகள்.

• கண்டங்கத்தரி, தூதுவளை: இரண்டுமே முள்ளுள்ள செடிகள். தூதுவளையை ரசமாகவும் துவையலாகவும் வீட்டில் சாப்பிடும் பழக்கம் உண்டு.

• சித்தரத்தை, தாளிசபத்திரி: நாட்டு மருந்துக் கடைகளில் இருமலுக்கு அதிகம் விற்கும் சரக்குகள்.

• கற்பூரவல்லி: ஓமவல்லி என்றும் சொல்வார்கள். தொட்டியில் வளர்க்கும் இந்தச் செடியின் சாறு குழந்தைகளின் சளிக்குக் கைமருந்தாகப் பயன்படுகிறது.

இவை போக, பெரும்பாலான சிரப்களில் அதிக அளவில் இருப்பது சர்க்கரை. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

கஷாயம், மணப்பாகு, சிரப்: என்ன வித்தியாசம்?

மூலிகையைத் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சி வடிகட்டினால் கஷாயம். சித்த மருத்துவத்தில் இதைக் குடிநீர் என்பார்கள். கஷாயம் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அன்றன்றைக்குப் போட்டு அன்றே குடிக்க வேண்டும்.

மூலிகைச் சாறு அல்லது குடிநீரில் சர்க்கரையோ கற்கண்டோ சேர்த்துப் பாகு பதத்தில் காய்ச்சி இறக்கினால் மணப்பாகு. ஆடாதோடை மணப்பாகு, மாதுளை மணப்பாகு போன்றவை சித்த மருத்துவத்தில் புழங்கும் மருந்துகள். சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் கிருமிகள் எளிதில் வளராது, சில மாதங்கள் வைத்திருந்து பயன்படுத்த முடியும். அதாவது நம்ம ஊரின் பழைய 'சிரப்' மணப்பாகுதான்.

கடைகளில் பிராண்ட் பெயரில் விற்கும் பல சிரப்கள் வேறு மாதிரி. மூலிகைகளின் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதோடு சர்க்கரைப் பாகு, சுவையூட்டி, நிறம், கெட்டுப்போகாமல் இருக்க சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகள், சில நேரம் கிளிசரின் அல்லது சார்பிட்டால் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். இது தப்பு என்று அர்த்தமல்ல. ஆனால் பாட்டி அரைத்துக் கொடுத்த மருந்தும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஆடாதோடைக்கும் அலோபதி மருந்துக்கும் உள்ள தொடர்பு

மூலிகை வேறு, 'இங்கிலீஷ் மருந்து' வேறு என்று பேசுகிறோம். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இதன் அமைப்பை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி. 1960-களில் விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும்போது கிடைக்கும் பொருள்தான் அம்ப்ராக்சால்.

இன்று மருந்துக்கடையில் சளி இருமலுக்குக் கொடுக்கும் பல சிரப்களில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். ஆக, டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த சிரப்பின் பூர்வீகம் நம்ம ஊர் வேலியோரம் வளரும் ஆடாதோடைதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, மூலிகைக்குள் வேலை செய்யும் சரக்கு நிஜமாகவே இருக்கிறது. இரண்டு, வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவும் இருக்கலாம், அளவும் உண்டு.

உண்மையிலேயே பலன் உண்டா? ஆய்வுகள் என்ன சொல்லுது?

இருமலுக்கு இயற்கையான பொருட்களில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது தேனுக்குத்தான். 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மொத்தம் 899 குழந்தைகள் பங்கேற்ற 6 ஆய்வுகளை அலசியது. எதுவும் கொடுக்காமல் இருப்பதைவிட தேன் கொடுப்பது இருமலைக் குறைக்க உதவக்கூடும் என்பது அதன் முடிவு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், சாதாரண இருமலுக்குத் தேனை முயற்சிக்கலாம் என்று 2018 முதல் சொல்லி வருகிறது.

ஐரோப்பாவில் ஐவி கொடியின் இலைச் சத்து, பெலார்கோனியம் வேர், தைம் இலை ஆகியவற்றில் செய்த சிரப்கள் அதிகம் விற்பனையாகின்றன. இவற்றில் ஆய்வுகள் நடந்துள்ளன, சில நாட்கள் முன்னதாகவே குணமாக உதவலாம் என்று சிலவற்றில் தெரிகிறது. ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

நம்ம ஊர் ஆடாதோடை, கண்டங்கத்தரி, அதிமதுரம் ஆகியவற்றுக்கு நூற்றாண்டுக் கணக்கான பயன்பாட்டு அனுபவம் இருக்கிறது. ஆய்வகச் சோதனைகளும் சிறிய அளவிலான மருத்துவ ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு.

இங்கே அலோபதி இருமல் மருந்துகளும் ஒன்றும் பெரிதாக ஜெயித்துவிடவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கும் இருமல் மருந்துகளைப் பற்றிய 2014-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, அவை வேலை செய்கின்றன என்றோ செய்யவில்லை என்றோ உறுதியாகச் சொல்ல நல்ல ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது.

அப்புறம் ஏன் சிரப் குடித்தால் இதமா இருக்கு? இனிப்பும் கெட்டியான பதமும் தொண்டையில் படிந்து எரிச்சலைக் குறைக்கின்றன. எச்சில் சுரப்பும் அதிகமாகிறது. இந்த இதம் உண்மையானது. ஆனால் அது நோயைக் குணப்படுத்துவது ஆகாது.

கோல்ட்ரிஃப் சம்பவத்தில் என்ன நடந்தது?

மூலிகை சிரப்பைத் தேடி மக்கள் போவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சம்பவம் என்பதால், அதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல், காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து பாதிக்கப்பட்டனர். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஒரு ஆலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய சோதனையில், எஸ்ஆர்-13 என்ற பேட்ச் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6% இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1% மட்டுமே. மருந்து தடை செய்யப்பட்டு, நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது.

டைஎத்திலீன் கிளைக்கால் ஒரு தொழிற்சாலை ரசாயனம். பிரேக் ஆயில், பெயின்ட் போன்றவற்றில் பயன்படுவது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகியவற்றைப் போலவே இதுவும் நிறமில்லாமல், லேசான இனிப்புடன், கெட்டியாக இருக்கும். தரமில்லாத மூலப்பொருளை வாங்கி, சோதிக்காமல் கலந்தால் இந்த விஷம் பாட்டிலுக்குள் போய்விடும். 1937-ல் அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டோர் இதே ரசாயனத்தால் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டுதான் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. 2022-ல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் பல குழந்தைகள் உயிரிழந்தபோதும் இதே நச்சு பேசப்பட்டது.

அப்போ மூலிகை சிரப்ல அந்த ஆபத்து இல்லையா?

குழந்தைகளின் உயிரைப் பறித்தது மருந்தில் இருந்த மூலக்கூறு அல்ல, அதைக் கரைக்கப் பயன்படுத்திய திரவம். எனவே கேட்க வேண்டிய கேள்வி 'மூலிகையா, அலோபதியா' என்பதல்ல. 'இந்த சிரப்பில் என்ன திரவம் சேர்த்திருக்கிறார்கள், அதைச் சோதித்தார்களா' என்பதுதான்.

சர்க்கரைப் பாகில் மட்டும் செய்யும் மணப்பாகில் கிளைக்கால், கிளிசரின் தேவைப்படுவதில்லை. அதனால் அந்த வழியில் நச்சு கலக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்துச் செய்யும் மூலிகை சிரப்பில், மூலப்பொருள் சோதனை ஒழுங்காக நடக்காவிட்டால், அதே ஆபத்து இருக்கத்தான் செய்யும். பச்சை லேபிள் இதைத் தடுக்காது.

இன்னொரு கவலையும் உண்டு. ஆஸ்துமா, மூட்டுவலிக்கு 'சுத்தமான மூலிகை' என்று விற்கப்பட்ட சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ரெண்டு ஸ்பூன் குடித்ததுமே வீசிங் மாயமாகிறது என்றால் சந்தோஷப்படுவதைவிட சந்தேகப்படுவது நல்லது.

வாங்கும்போது லேபிளில் என்ன பார்க்கணும்?

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளும் 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. தயாரிக்க உரிமம் கட்டாயம். ஆனால் இவற்றைச் சில்லறையாக விற்க அலோபதி மருந்துக்கடை போலத் தனி உரிமம் தேவையில்லை. அதனால்தான் மளிகைக் கடையிலும் பேருந்து நிலையக் கடையிலும்கூட இவை கிடைக்கின்றன. கவனமாகப் பார்க்க வேண்டியது வாங்குபவர்தான்.

• 'சித்த மருந்து' அல்லது 'ஆயுர்வேத மருந்து' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.
• தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும்.
• பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி அவசியம்.
• எந்தெந்த மூலிகை, எவ்வளவு அளவு என்ற பட்டியல் இருக்க வேண்டும். 'ரகசிய மூலிகைகள்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம்.
• உரிம எண்ணுக்குப் பதிலாக எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும் இருந்தால் அது உணவுப்பொருளாகப் பதிவானது, மருந்து அல்ல.

'ஆயுஷ் அமைச்சகம் அங்கீகரித்தது' என்று சில விளம்பரங்களில் பார்க்கலாம். எந்த நிறுவனத்தின் மருந்துக்கும் தாங்கள் நேரடியாகச் சான்றோ ஒப்புதலோ தருவதில்லை, உரிமம் தருவது மாநில அதிகாரிகள்தான் என்று அமைச்சகமே தெளிவுபடுத்தியுள்ளது. எனவே இந்த வாசகத்தைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம்.

யாரெல்லாம் ஜாக்கிரதையா இருக்கணும்?

சர்க்கரை நோயாளிகள்: சாதாரண சிரப் அடிப்படையில் எடை விகிதப்படி மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அப்படிப்பட்ட சிரப்பில் இரண்டு டீஸ்பூன் குடித்தால் ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்க்காத வகையைக் கேட்டு வாங்கலாம். பனங்கற்கண்டு, தேன் சேர்த்தது என்றாலும் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள்: அதிமதுரத்தை அதிக அளவில் பல நாட்கள் எடுத்தால் உடலில் உப்பும் நீரும் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, டிகாக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது ஆபத்து.

கர்ப்பிணிகள்: ஆடாதோடையில் உள்ள வாசிசினுக்குக் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உண்டு. அதிமதுரமும் கர்ப்பக் காலத்தில் தவிர்க்கச் சொல்லப்படும் பொருள். டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகை சிரப்பும் வேண்டாம்.

தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள்: மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின் அதில் ஒன்று. ரசத்தில் போடும் மிளகு பிரச்சினை இல்லை. அடர்த்தியான சத்தாக எடுக்கும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மதுவைத் தவிர்ப்பவர்கள்: அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகள் நொதிக்க வைத்துத் தயாராவதால் இயற்கையாகவே ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் நோயாளிகளும் குழந்தைகளும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு இருமல் வந்தா?

இந்தப் பகுதி மிக முக்கியம்.

மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதிக்கொடுக்கவோ வழங்கவோ கூடாது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மூலிகைதானே என்று இந்த வயதுக் குழந்தைக்கு நாமாகவே சிரப் கொடுப்பதும் சரியல்ல.

தேன்: ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு சொட்டு தேன்கூட கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உருவாக்கும். போட்டுலிசம் எனப்படும் இந்தப் பாதிப்பில் குழந்தை துவண்டு போகும், பால் குடிக்காது, மூச்சுத் திணறல்கூட வரலாம். வசம்பு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது, உரைமருந்தைத் தேனில் கொடுப்பது என்பதெல்லாம் பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. பெரியவங்க சொன்னாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

மூக்கில் எண்ணெய்: சளி எடுக்க மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது போன்றவை வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவித நிமோனியா வரும்.

சூடம்: தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவும் வழக்கம் உண்டு. கைக்குழந்தைக்கு இது பாதுகாப்பானதல்ல. சூடம் தவறி வாய்க்குள் போனால் சிறிய அளவே வலிப்பை உண்டாக்கும். நீலகிரித் தைலத்தையும் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது.

சரி, என்னதான் செய்வது? தாய்ப்பால் அடிக்கடி கொடுக்கலாம். மூக்கடைப்புக்கு டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். புகை, கொசுவத்தி, சாம்பிராணி இல்லாமல் அறையை வைத்திருப்பதே பாதி மருந்து.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்குத் தூங்கும் முன் தேன் கொடுக்கலாம். 1 முதல் 5 வயது வரை அரை டீஸ்பூன், 6 முதல் 11 வயது வரை ஒரு டீஸ்பூன், 12 வயதுக்கு மேல் இரண்டு டீஸ்பூன் போதும். கொடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வைத்தால் பல் கெடாது.

பெரியவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பது, சுக்கு மல்லி காபி, மிளகு ரசம், தூதுவளை ரசம், பாலில் மஞ்சளும் மிளகும் போன்றவை இதம் தரும். இலங்கையில் தமிழர் வீடுகளில் இதற்கு முதலில் அடுப்பில் ஏறுவது மல்லித் தண்ணீர்.

ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பதைத் தவிர்க்கலாம்.

சிரப் வாங்கினால் மூடியோடு வரும் அளவுக்குப்பியில்தான் ஊற்றவேண்டும். சமையலறை ஸ்பூன் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒரு டீஸ்பூன் என்றால் 5 மி.லி. குடிக்கும் முன் பாட்டிலைக் குலுக்குங்கள். நுரைத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள். டாக்டர் கொடுத்த சிரப்போடு சேர்த்து மூலிகை சிரப்பையும் கொடுத்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எப்போ சிரப்பை ஓரமா வெச்சிட்டு டாக்டர்கிட்ட போகணும்?

• இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மாதக்கணக்கில் சிரப் குடித்துக்கொண்டே இருந்தால் நோய் முற்றும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

• சளியில் ரத்தம், எடை குறைவு, மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

• குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால் எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு, 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம்.

• மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலை.

• நன்றாக விளையாடிய குழந்தைக்குத் திடீரென இருமல் வந்து மூச்சு திணறினால், நிலக்கடலை போன்ற ஏதாவது சிக்கியிருக்கலாம். அதற்கு சிரப் கொடுத்து நேரத்தைக் கடத்தக் கூடாது.

• எந்த சிரப் குடித்த பிறகும் வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் குறைவது அல்லது நிற்பது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவும். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேட்ச் எண் சிகிச்சைக்கும் விசாரணைக்கும் உதவும்.

மூலிகை மருந்துதான் வேணும்னா எங்கே போகலாம்?

விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதைவிட, பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு செயல்படுகிறது. நாடி பார்த்து, வயது பார்த்து, மற்ற மருந்துகளைக் கேட்டு அளவு சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் சாதாரண சளி இருமலுக்கு, உரிம எண் உள்ள மூலிகை சிரப்பைச் சில நாட்கள் அளவோடு குடிப்பதில் பெரிய பயம் தேவையில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்குள் இருமலும் தானாகக் குறையும். ஆனால் கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை, பிபி, இதய நோயாளி என்றால் கேட்காமல் கொடுக்க வேண்டாம். 2 வாரம் தாண்டிய இருமலுக்கு அடுத்த பாட்டில் வாங்காதீர்கள், சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.